போன வழியில் திரும்பாத விமானம்: சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம்?

ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பியதும் சித்தி என்னை அழைத்தார். மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். குளிர், பேரன், அங்கே கிடைக்காத முருங்கைக்கீரை என்று எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, போன வழியில திரும்பி வரலப்பா. போறப்ப ஜப்பான், அப்புறம் கடல், கடல்னு காட்டுச்சு. வர்றப்ப ஐரோப்பா பக்கம் போயி, நம்ம இந்தியா மேலயே வந்துச்சு. திரையில சென்னைன்னு பேருகூட பாத்தேன். ஒரே ஊருக்குப் போயிட்டு வர ரெண்டு வழியா?"

அவர் கிளம்புமுன் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டபோது, போனில் தேடிப் பார்த்து 15,340 கிலோமீட்டர், 17 மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். பயணச்சீட்டிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேலே போட்டிருந்தது. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சித்தியின் கேள்விக்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று நாம் தேடிப் பார்க்கும் எண் ஒன்று. விமானம் உண்மையில் பறக்கும் தூரம் வேறு. அது எடுத்துக்கொள்ளும் நேரம் இந்த இரண்டோடும் நேராக ஒட்டாத மூன்றாவது சங்கதி. உலகிலேயே மிக நீளமான இடைநில்லாப் பயணிகள் விமானச் சேவையான சிங்கப்பூர்–நியூயார்க் வழியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முதலில் அந்த 15,340 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, அந்த இரண்டு புள்ளிகளையும் தொட்டு, உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு. இதைப் பெருவட்டம் என்பார்கள். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களிலும் அழுத்திப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் தானாகப் போய் உட்காரும் இடம்தான் பெருவட்டம். இணையத்தில் தூரம் சொல்லும் தளங்கள் எல்லாம் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வாங்கிக்கொண்டு இந்த நூலின் நீளத்தைத்தான் கணக்குப் போடுகின்றன. பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறதா, துருவங்களில் கொஞ்சம் தட்டையாக எடுத்துக்கொள்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் பத்து, இருபது கிலோமீட்டர் வித்தியாசம் வரும். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர், துருவங்கள் வழியாகச் சுற்றினால் 40,008. அந்தச் சின்ன வித்தியாசம்தான் காரணம்.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே அந்த நூல் எங்கே போகிறது தெரியுமா? சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் மேற்கில் ஏறக்குறைய 74 பாகை. கூட்டினால் 178. அதாவது பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதனால் மிகக் குறுகிய வழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, நேராக வடக்கு. தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உறைந்த கடலைக் கடந்து, கனடாவின் பனித்தீவுகள் வழியாக நியூயார்க்கில் இறங்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் போகத் துருவத்தின் ஓரமாகப் போக வேண்டும் என்பதைச் சுவரில் மாட்டிய தட்டை வரைபடம் ஒருநாளும் காட்டாது. நம் பள்ளிக்கூடங்களில் அதிகம் பார்த்த வரைபடம், மெர்காட்டர் என்ற வரைபட வல்லுநர் 1569ல் வகுத்த முறையில் வந்தது. திசைகாட்டியை வைத்துக் கப்பலோட்ட அது அருமையான கருவி. ஆனால் துருவம் நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது அதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் 14 மடங்கு.

சரி, குறுகிய வழி துருவத்தின் பக்கமாக என்றால் சித்தியின் விமானம் ஏன் ஜப்பான் பக்கம் போனது?

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நூலின் ஒரு பெரிய துண்டு ரஷ்யாவின் மேல் கிடக்கிறது. 2022ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யா பல நாட்டு விமானங்களுக்குத் தன் வானை மூடியது. மூடப்படாத நாடுகளின் நிறுவனங்கள் சிலவும் பலவாறாக யோசித்துத் தவிர்த்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அந்த வான்வெளியை விட்டு விலகியது. பின்லாந்துக்கு இதில் விழுந்த அடி மிகப் பெரிது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் குறுக்கே ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். வான் மூடியதும் வட துருவத்தையே சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கிலோமீட்டர் கணக்கு மாறவே இல்லை. பயணம் மட்டும் நான்கு மணி நேரம் நீண்டது.

ஆனால் சிங்கப்பூர் விஷயத்தில் ரஷ்யா மட்டும் காரணமில்லை. இதைவிடப் பெரிய காரணம் காற்று.

விமானத்துக்கு இரண்டு வேகம் உண்டு. காற்றுக்குள் அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஒன்று. தரையிலிருந்து பார்த்தால் எவ்வளவு வேகம் என்பது இன்னொன்று. ஆற்றில் படகு வலிப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே கையால், அதே துடுப்பால் நீரோட்டத்தோடு போனால் ஒரு வேகம், எதிர்த்து வந்தால் ஒரு வேகம். நீண்ட தூரம் போகும் இன்றைய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கின்றன. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சைபருக்குக் கீழே 56 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலி மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர்தான் போகும். அதில் 85 சதவீதம் என்றால் 900 கிலோமீட்டர். 15,340ஐ 900ஆல் வகுத்துப் பாருங்கள், 17 மணி நேரம் வரும். நான் சித்தியிடம் சொன்ன எண் இதுதான். காற்றே இல்லாத வானில், துருவத்தின் ஓரமாக, ஓடுபாதையிலிருந்து குதித்து உடனே முழு வேகம் பிடித்தால் ஆகும் நேரம். அப்படி ஒரு வானம் எங்கும் இல்லை.

மேலே காற்று அசையாமல் நிற்பதில்லை. வெப்பமண்டலத்தின் சூடான காற்றும் துருவப் பக்கத்தின் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் இடங்களில், பூமியின் சுழற்சி சேர்ந்து, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்று ஆறுகள் உருவாகின்றன. ஜெட் காற்றோட்டம் என்கிறார்கள். சில நூறு கிலோமீட்டர் அகலம், ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் வெப்ப வித்தியாசம் கூடுவதால் வேகமும் கூடும். ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது உண்டு.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர் வசாபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானியர். டோக்கியோவுக்கு வடக்கே ததேனோவில் இருந்த வானிலை ஆய்வு நிலையத்தில் 1920களில் நாள் தவறாமல் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் வேகத்தைத் தொலைநோக்கியால் குறித்துவந்தார். கண்டதை 1926ல் அறிக்கையாக வெளியிட்டார். உலகமே படிக்க வேண்டும் என்ற ஆசையில் அதை, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பராண்டோ மொழியில் எழுதினார். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் அவருடைய கண்டுபிடிப்பு வெளியே போகவே இல்லை. எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும். 1944ல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவுக்கு மேலே மிக உயரத்தில் பறந்தபோதுதான் விமானிகள் அந்தக் காற்றில் நேரடியாக மாட்டினார்கள்; குண்டுகள் குறி தவறின. அதே காற்றை நம்பி ஜப்பான் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களில் குண்டுகளைக் கட்டிப் பசிபிக்கின் குறுக்கே அனுப்பியது. 1945 மே மாதம் ஒரிகான் காட்டில் கிடந்த ஒன்று வெடித்து ஆறு பேர் இறந்தார்கள்.

இன்று அந்தக் காற்றுதான் சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்துக்குப் பாதை போடுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். துருவத்தின் ஓரமாகப் போகும் 15,340 கிலோமீட்டரில் சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரைவேகம் 870 ஆகிவிடும். பயணம் 17 மணி 38 நிமிடம். இன்னொரு பக்கம், ஜப்பான் வழியாகப் பசிபிக்கைக் கடக்கும் பாதை 16,500 கிலோமீட்டர், ஆனால் சராசரியாக 80 கிலோமீட்டர் பின்காற்று என்று எடுத்துக்கொள்வோம். தரைவேகம் 980. பயணம் 16 மணி 50 நிமிடம். ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறந்தும் முக்கால் மணி நேரம் மிச்சம். எரிபொருளும் மிச்சம், ஏனென்றால் இயந்திரத்துக்கு நேரம்தான் கணக்கு. தரையில் எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பது அதற்குத் தெரியாது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். புதிய வழி 15,300 கிலோமீட்டர். நீளம் கூடியும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் விமானம் போய்ச் சேர்ந்தது. மேற்கு நோக்கிப் போனால் முழுக்க எதிர்காற்று, கிழக்கு நோக்கிப் போனால் முழுக்கப் பின்காற்று. பூமி உருண்டையாக இருப்பதால் கிழக்கே போயும் மேற்கை அடைய முடிகிறது.

சித்தியின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரும் நியூயார்க்கும் ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருப்பதால், போவதற்கும் கிழக்குத் திசையைப் பிடிக்கலாம், வருவதற்கும் கிழக்குத் திசையைப் பிடிக்கலாம். போகும்போது ஜப்பான், பசிபிக், வட அமெரிக்கா. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா. இரண்டு வழியிலும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். எழுபது வயதைத் தொடப்போகும் என் சித்தி, மகள் வீட்டுக்குப் போய் வந்த சாக்கில் உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார்! அதைச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷம் எனக்கும் வந்தது.

எல்லா ஊர்களுக்கும் இந்த வசதி கிடையாது. லண்டனையும் நியூயார்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 5,540 கிலோமீட்டர்தான். மேற்கே போவதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர ஆறு, ஆறரை. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழியில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்று அப்போது பலர் கேட்டார்கள். மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது எப்போதும் போகும் வேகத்தில்தான் போனது. காற்றே ஓடியது.

போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. 8,000 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்காற்றில் 1,000 கிலோமீட்டர் வேகம், 8 மணி நேரம். எதிர்காற்றில் 800, அதாவது 10 மணி நேரம். போக வர 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால், அந்தக் காற்றுக்குள் நாம் இருக்கும் நேரமே அதிகம். அதனால் இழப்புதான் மிஞ்சும்.

இத்தனைக்கும் அடியில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எரிபொருள். இதைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நீண்ட தூர விமானத்தின் கதையே இதுதான் என்பேன்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதலில் 2004 ஜூன் 28 அன்று நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு இடைநில்லா விமானம் விட்டது. ஏர்பஸ் ஏ340-500, நான்கு இயந்திரம். 181 இருக்கைகள் வைத்துத் தொடங்கினார்கள், கட்டுப்படியாகவில்லை. 2008ல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 100 பிசினஸ் வகுப்பு இருக்கைகள் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போனது. நான்கு இயந்திரங்களும் குடித்துக்கொண்டே இருந்தன. 2013 நவம்பரில் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 2018 அக்டோபர் 11 அன்று அதே வழி திரும்பத் தொடங்கியது. இந்த முறை இரண்டே இயந்திரம் கொண்ட ஏ350-900 யூ.எல்.ஆர். முதல் விமானம் 18 மணி நேரத்துக்குள்ளாகவே நியூவார்க்கில் இறங்கியது. 2020 நவம்பரில் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் சேவை வந்தது. யூ.எல்.ஆர். என்பது மிக மிக நீண்ட தூரத்துக்கான வகை. வெளியே பார்த்தால் சாதாரண ஏ350 போலவே இருக்கும். எரிபொருள் அமைப்பை மாற்றி 1,41,000 லிட்டருக்குப் பதிலாக 1,65,000 லிட்டர் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். அவ்வளவு எரிபொருள் ஏறக்குறைய 130 டன் எடை. விமானம் தன்னையும் சேர்த்து மொத்தமாகத் தூக்கக்கூடிய எடை 280 டன். அதாவது முழுத் தொட்டியோடு தரையை விட்டு எழும்பும்போது விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருள்தான்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. பதினெட்டாவது மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமக்க வேண்டும். சுமக்கவும் எரிபொருள் செலவாகும். அந்தச் செலவுக்கான எரிபொருளையும் சுமக்க வேண்டும். பாலைவனத்தில் தண்ணீர் கொண்டுபோகும் ஒட்டகம் வழியிலேயே பாதியைக் குடித்துவிடுவது போன்ற நிலை. தூரம் இரண்டு மடங்கானால் எரிபொருள் இரண்டு மடங்குக்கு மேலே போவது இதனால்தான். ஒரு கட்டத்துக்குப் பிறகு, நடுவில் எங்காவது இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போவதுதான் மொத்தத்தில் சிக்கனம். இடைநில்லாமல் போவது நேரத்துக்குக் கொடுக்கும் விலை.

அந்த விலையை ஆள் குறைத்துத்தான் கட்டுகிறார்கள். இதே நிறுவனத்தின் மற்ற நீண்ட தூர ஏ350 விமானங்களில் 253 இருக்கைகள். யூ.எல்.ஆரில் 161 மட்டும்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. சித்திக்கு மகள் எடுத்துக்கொடுத்த சீட்டு ஏன் அவ்வளவு விலை என்பதற்கு இது பதில்.

எடை காரணமாக உயரமும் மாறும். கிளம்பும்போது கனமாக இருப்பதால் 31,000 அல்லது 33,000 அடியில்தான் பறக்க முடியும். எரிபொருள் தீரத் தீர லேசாகி, படிப்படியாக ஏறி, கடைசியில் 39,000, 41,000 அடிக்குப் போகும். சித்தி திரையில் உயரம் மாறுவதைப் பார்த்து, மேகத்தைத் தாண்ட ஏறுகிறார்கள் என்று நினைத்தாராம். பெரும்பாலும் அது எடை குறைந்த அடையாளம்.

துருவத்தை ஒட்டிப் போகும் நாட்களில் குளிரும் ஒரு கவலை. அமெரிக்காவில் அதிகம் நிரப்பும் எரிபொருள் சைபருக்குக் கீழே 40 பாகை வரை உறையாது. மற்ற நாடுகளில் புழங்கும் வகை 47 வரை தாங்கும். வெளியே 65 பாகைக் குளிர் நிலவினால் இறக்கையில் இருக்கும் எரிபொருள் மெல்ல மெல்லக் குளிரத் தொடங்கும். அப்போது விமானி கொஞ்சம் கீழே இறங்குவார் அல்லது வேகத்தைக் கூட்டுவார். காற்று உரசலிலேயே இறக்கை சற்றுச் சூடாகும். அப்புறம் இரண்டு இயந்திர விமானத்துக்கு இன்னொரு விதி: ஓர் இயந்திரம் நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நிமிடத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏ350க்கு இந்த வரம்பு 370 நிமிடம் வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கும் மேல். அதனால்தான் நடுப் பசிபிக்கில் இரண்டே இயந்திரத்தோடு தைரியமாகப் போக முடிகிறது.

இத்தனையையும் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று முன்னறிவிப்பு, மூடிய வான்வெளி, புயல், எடை எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால் அது நூற்றுக்கணக்கான பாதைகளை ஒப்பிட்டு ஒன்றைக் கொடுக்கும். நேற்றுப் பறந்த பாதை இன்று பறக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர் வரும் விமானம் சில நாட்களில் அட்லாண்டிக் பக்கம் போகாமல் வடக்கே ஏறிப் பசிபிக் பக்கமாகவும் வந்துவிடும்.

அப்படியானால் பயணச்சீட்டில் இருக்கும் பதினெட்டரை மணி நேரம் என்ன? அது பறக்கும் நேரம் இல்லை. வாசலிலிருந்து பின்னுக்கு நகரும் நொடியில் தொடங்கி, அங்கே போய் வாசலில் நிற்கும் நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். நியூயார்க்கில் ஊர்வதற்கே அரை மணி நேரம் போய்விடும். அதோடு, காற்று சரியில்லாத நாளிலும் நேரத்துக்குச் சேர வேண்டும் என்று கொஞ்சம் இடம்விட்டுத்தான் அட்டவணை போடுவார்கள். காற்று நன்றாக அமைந்தால் அரை மணி, முக்கால் மணி முன்பே இறங்கிவிடும். அழைத்துவரப் போகிறவர்கள் அட்டவணையை நம்பாமல், விமானம் கிளம்பிய பிறகு அதன் நேரடித் தடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. இது அனுபவத்தில் சொல்கிறேன்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. சென்னையிலிருந்து நியூயார்க்குக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லை, எங்காவது மாற வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டுமே 2,900 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் துபாயிலிருந்து நியூயார்க் 11,000 கிலோமீட்டர், சிங்கப்பூரிலிருந்து 15,340. துபாய் வழியாகப் போனால் மொத்தம் 14,000க்குள் முடிந்துவிடும், சிங்கப்பூர் வழியாக 18,000க்கு மேல். முதல் கட்டம் ஒரே நீளம்தானே என்று பார்த்துச் சீட்டு எடுத்தால் நான்காயிரம் கிலோமீட்டர் கூடிவிடும்.

இதைவிட நீளமான பயணம் ஒன்றும் வரப்போகிறது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு, 17,000 கிலோமீட்டர், 22 மணி நேரம் வரை. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் இதற்காகவே கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்த ஏ350-1000 விமானங்களை வாங்குகிறது. 2027ல் தொடங்கத் திட்டம். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரில் சூரிய உதயம் என்ற சொல் இருக்கிறது. அதற்குப் பின்னால் இலங்கையோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க 1943 நடுவில் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்குக் கேட்டலைனா நீர்விமானங்களை விட்டார்கள். 5,650 கிலோமீட்டர். இன்றைய விமானத்துக்கு ஆறரை மணி நேர வேலை. அந்த விமானம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில், 27 முதல் 33 மணி நேரம் இடைநில்லாமல் பறந்தது. ஜப்பானியர் காதில் விழாமலிருக்க வானொலியை அணைத்துவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். எரிபொருளே அத்தனை எடையையும் தின்றுவிட்டதால் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டும்தான் ஏற்ற முடிந்தது. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் அதற்கு இரட்டைச் சூரிய உதயம் என்று பெயர் வந்தது. 1945 நடுப்பகுதி வரை 271 முறை அந்தக் கடலைக் கடந்தார்கள். வானில் இருந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தால், இன்றைய சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் அதன் பக்கத்தில்கூட வராது.

சித்தியிடம் இதெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் இன்னொன்று கேட்டார். அவருக்குச் செவ்வாய்க்கிழமை விரதம். திங்கட்கிழமை இரவு பத்தரை மணிக்கு நியூயார்க்கில் ஏறியவர், இறங்கும்போது சிங்கப்பூரில் புதன்கிழமை காலை. "நடுவுல செவ்வாய்க்கிழமை எங்கப்பா போச்சு?"

ஜனவரியில் இரண்டு ஊர்களுக்கும் 13 மணி நேர வித்தியாசம். போகும்போது அவர் நண்பகலில் கிளம்பி, பதினெட்டு மணி நேரம் பறந்து, அதே நாள் மாலை ஐந்து மணிக்கு இறங்கியிருந்தார். பசிபிக்கின் நடுவே, தேதி மாறும் இடமாக வைத்திருக்கும் தேதிக்கோட்டைத் தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்தது. திரும்பும்போது அதைக் கொடுக்க வேண்டும். அவர் வந்த அட்லாண்டிக் வழியில் செவ்வாய்க்கிழமை இருந்தது, ஆனால் சுருங்கி இருந்தது. சூரியன் மேற்கே போக, விமானம் கிழக்கே போக, பகல் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்து ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. அதே விமானம் அன்று பசிபிக் பக்கமாக வந்திருந்தால் திங்கள் இரவிலேயே தேதிக்கோட்டை அடைந்து, கோட்டைத் தாண்டியதும் செவ்வாய் இரவுக்குள் நுழைந்திருப்பார். செவ்வாய்க்குப் பகலே இருந்திருக்காது.

"அப்ப நான் இருந்த விரதம் கணக்குல சேரும்ல?" என்றார்.

சேரும் சித்தி, ஐந்து மணி நேரம்தான் என்றாலும் அது முழுப் பகல் என்றேன்.